ஆபரேஷனில் குடல் காயம்: மருத்துவமனையிடம் இழப்பீடு கேட்பது எப்படி

கருப்பையோ பித்தப்பையோ எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வயிறு கல்லாக உப்புகிறது. காற்று பிரியவில்லை, வாயில் வைத்தது தங்கவில்லை. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு அன்று இரவே வயிற்றைத் திறக்கிறார்கள். குடலில் ஓட்டை, வயிறெல்லாம் மலம் கலந்த சீழ். பிழைத்தவர் பல நாள் ஐசியூவில் கிடந்துவிட்டு, வயிற்றில் ஒட்டிய மலப்பையோடு வீடு திரும்புகிறார்.

இந்த நிலையில் வழக்கு போட நினைக்கும் குடும்பத்தின் மனதில் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: "குடலைக் கிழித்துவிட்டார்கள்." அதை மட்டும் நம்பி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புகிறார்கள். வயிற்று ஆபரேஷனில் குடல் காயப்படுவது மருத்துவ நூல்களே ஒப்புக்கொண்ட ஆபத்து. சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு, திறமையான கைகளிலும் அது நடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். அதற்குமேல் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது என்பதில்தான் வழக்கு நிற்கும்.

சொல்ல வேண்டியது மூன்று கேள்விகளுக்கான பதில். காயம் எப்போது தெரிந்திருக்க வேண்டும்? எப்போது தெரிந்துகொண்டார்கள்? இடையில் போன மணி நேரங்களில் என்ன செய்தார்கள்? ஓட்டை விழுந்ததைவிட, விழுந்த ஓட்டையைப் பார்க்காமல் விட்ட நேரம்தான் இழப்பீடு வாங்கித் தரும். ஆவணம் சேர்ப்பதிலிருந்து நிபுணரிடம் கேள்வி கேட்பதுவரை எல்லாவற்றையும் அந்த நேரத்தை நிரூபிக்கும் நோக்கத்தோடு செய்யுங்கள்.

எந்த வகைக் காயம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லேப்ராஸ்கோப்பியில் தொப்புளருகே வாயு செலுத்தும் வெரெஸ் ஊசியோ ட்ரோக்கார் என்ற கூர்முனைக் குழாயோ உள்ளே போகும்போது குத்திக் காயமாவது ஒரு வகை. முன்பே சிசேரியன் போன்ற ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் தொப்புள் வழியே கண்மூடித்தனமாகக் குத்தாமல், தோலைத் திறந்து பார்த்தபடி நுழைவதோ இடது விலா எலும்புக்குக் கீழே நுழைவதோ பாதுகாப்பான மாற்று வழிகள். பழைய தழும்பு இருந்தும் அதைக் கேஸ் ஷீட்டில் குறிக்கவில்லை, நுழைந்த முறையையும் ஆபரேஷன் குறிப்பில் எழுதவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகமான முதல் புள்ளி.

கரண்ட் கருவி பட்டு வெந்துபோவது இரண்டாவது வகை. அந்த இடத்தில் உடனே ஓட்டை தெரியாது. சில சமயம் லேசாக வெளுத்துப்போவதோடு சரி. சதை செத்து, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு அதற்குப் பிறகும், வெடிக்கும். குத்துக் காயமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே அறிகுறி காட்டிவிடும்.

லேப்ராஸ்கோப்பி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கருக்கலைப்பிலும் கருப்பையைச் சுரண்டும் டி அண்டு சி-யிலும் கருவி கருப்பைச் சுவரைத் துளைத்துக் குடலையே இழுத்துவிடுவதுண்டு. கொலோனோஸ்கோப்பியில் பெருங்குடலும், பித்தநாளக் கல்லை எண்டோஸ்கோப் வழியாக எடுக்கும்போது முன்சிறுகுடலும், முதுகு வழியாகச் சிறுநீரகக் கல் எடுக்கும்போது பெருங்குடலும் துளைபடலாம்.

வகை தெரிந்தால்தான் கேள்வி சரியாக அமையும். இரண்டு செ.மீ. கிழிசலை ஆபரேஷன் டேபிளிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று வாதாடலாம். சூட்டுக் காயத்துக்கு அந்த வாதம் எடுபடாது. அங்கே ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும். தப்பான வகையைப் புகாரில் எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையில் உங்கள் நிபுணரே உங்களுக்கு எதிராகப் பேச வேண்டிவரும்.

இதற்கான பதில் இரண்டாவது மருத்துவமனையின் ஆபரேஷன் குறிப்பில் இருக்கிறது. ஓட்டை எந்த இடத்தில், எத்தனை செ.மீ., ஒன்றா பலவா, விளிம்பு சுத்தமாக இருந்ததா, கருகியிருந்ததா, எவ்வளவு சீழ், அது என்ன நிறம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வெட்டி எடுத்த குடல் துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள். வெந்து செத்த சதைக்கும் குத்துப்பட்ட சதைக்கும் நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியும். அந்த அறிக்கைக்கு இணையான சாட்சி வேறில்லை. துண்டைத் தூக்கி எறிந்த பிறகு என்ன கேட்டும் பயனில்லை.

ஆவணங்கள்: நோட்டீஸுக்கு முன்பே கைக்கு வர வேண்டும்

முதலில் ஆவணம், பிறகு நோட்டீஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மருத்துவமனையில் சத்தம் போட்டுவிட்டு மறுநாள் கேஸ் ஷீட் கேட்டால், தருவதற்கு முன் அதை இன்னொரு முறை "சரி" பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி, நேரம், சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கும் அதே கடிதத்தை அனுப்பி வையுங்கள்.

"மெடிக்கல் ரெக்கார்டு கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுவார்கள். அதில் ஒன்றும் இருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவங்கள், நாடித்துடிப்பு-காய்ச்சல்-ரத்த அழுத்தம் எழுதும் சார்ட், உள்ளே போன திரவம்-வெளியே வந்த சிறுநீர்க் கணக்கு, நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், டாக்டர்கள் ரவுண்ட்ஸில் எழுதிய குறிப்பு, ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் படங்களின் சிடி, பரிந்துரைக் கடிதம், எல்லா பில்லும். லேப்ராஸ்கோப்பி என்றால் வீடியோ பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் "உண்மை நகல்" முத்திரையும் பக்க எண்ணும் இருக்கட்டும். பிறகு ஆணையத்தில் அவர்கள் தாக்கல் செய்யும் பிரதியோடு இதை ஒப்பிடும்போதுதான் பக்க எண்ணின் அருமை தெரியும்.

டாக்டருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தி, "வயிறு வீங்குது, பயமா இருக்கு டாக்டர்" என்ற வாய்ஸ் நோட், அழைப்புப் பட்டியல், படுக்கையில் எடுத்த போட்டோ எல்லாமே சாட்சிதான். எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன்படி மின்னணுச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது "மருத்துவ ஆலோசனைக்கு எதிராகச் செல்கிறோம்" என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். அவசரத்தில் போட்டுவிடுவோம், பின்னால் அதுவே அவர்களுடைய முதல் கேடயமாகும். கையெழுத்துக்குப் பக்கத்தில் "நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டே போவதால் மேல்சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி, நேரத்தையும் குறித்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி இறந்துவிட்டால், சொல்லக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் உடலை வாங்கும் முன் போலீசில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அது இல்லாவிட்டால் "மாரடைப்பில் இறந்தார்" என்ற ஒற்றை வரியை உடைப்பது மிகக் கடினம்.

சார்ட்டை மணி மணியாகப் படிப்பது

ஆவணம் கைக்கு வந்ததும் ஒரு நீளத் தாளில் நேரக்கோடு போடுங்கள். நாம் போட்ட எண்களோடு ஒரு மாதிரியைப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் காலை 11 மணிக்கு லேப்ராஸ்கோப்பி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மாலை 6: நாடி 88, காய்ச்சல் இல்லை.
இரண்டாம் நாள் காலை 6: நாடி 102. "வயிற்று வலி என்கிறார், டியூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டது. டிரமடால் (வலி) ஊசி."
மதியம் 12: நாடி 112. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் 120 மி.லி.
மாலை 6: நாடி 118, காய்ச்சல் 100.4. டாக்டர் குறிப்பு: "நிலை சீராக உள்ளது. கேஸ் வலி. திரவ உணவு தரலாம்."
மூன்றாம் நாள் காலை 8: வெள்ளை அணு 3,200. வாந்தி இரண்டு முறை. வயிறு உப்பல்.
நான்காம் நாள் காலை 10: ரத்த அழுத்தம் 80/50. சிடி ஸ்கேன். வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரை.

லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. நாடி 88-இல் தொடங்கி 118 வரை ஒருமுறைகூட இறங்காமல் ஏறுகிறது. அதுவும் வலி ஊசி போட்ட பிறகு. சிறுநீர் மணிக்கு 20 மி.லி. அறுபது கிலோ உடம்புக்கு மணிக்குக் குறைந்தது 30 மி.லி. வர வேண்டும் என்பது எல்லா வார்டிலும் தெரிந்த கணக்கு. வெள்ளை அணு 3,200 என்பதைக் காட்டி "தொற்றே இல்லையே, அணு கூடவில்லையே" என்பார்கள். தொற்று உடம்பு முழுவதையும் தாக்கும் கடுமையான செப்சிஸில் அந்த எண்ணிக்கை கூடாமல் கீழேயும் விழும், லேப்ராஸ்கோப்பியில் குடல் காயத்துக்கு அது அறியப்பட்ட அடையாளம். ஆக, இரண்டாம் நாள் மாலை 6 மணிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தது நான்காம் நாள் காலை 10 மணிக்கு. இடையில் 40 மணி நேரம். அந்த நேரத்தில் நடந்தது ஒரு "கேஸ் வலி", ஒரு திரவ உணவு.

உங்கள் வழக்கின் அச்சாணி அந்த 40 மணி நேரம். புகாரில் இந்த எண்ணைச் சொல்லுங்கள். "பல நாட்களாகக் கவனிக்கவில்லை" என்று எழுதுவதைவிட அது நூறு மடங்கு வலுவானது.

நர்ஸ் குறிப்பையும் டாக்டர் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நர்ஸ் "சொல்லப்பட்டது" என்று எழுதிய நேரத்துக்கும் டாக்டர் வந்து பார்த்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரவு முழுவதற்கும் ஒரே பேனாவில் ஒரே மாதிரி எழுதிய எண்கள், அடித்துத் திருத்திய நேரம், நடுவில் காணாமல்போன பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் "போலி ஆவணம்" என்று புகாரில் எடுத்தவுடனே எழுத வேண்டாம். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு ஒன்று இருந்தால், நிரூபிக்கக்கூடியதும் வலுவிழக்கும்.

எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. லேப்ராஸ்கோப்பிக்காகச் செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு சில நாளில் உடம்பில் கரைந்துவிடும். ஒரு வாரம் கழித்தும் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனில் வெளிக்காற்று ஒரு வாரத்துக்கு மேலும் தங்கலாம், அங்கே இந்த வாதம் பலவீனமானது.

சட்டம் எதைக் கவனக்குறைவு என்கிறது

2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், இங்கிலாந்தின் 1957-ஆம் வருட போலம் வழக்கின் அளவுகோலை ஏற்றது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் நியாயமாகச் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதே கேள்வி. பலன் மோசமாகிவிட்டது என்பது மட்டும் போதாது. 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. வயிற்றுக்குள் பஞ்சு விட்டதுபோலப் பார்த்தவுடன் விளங்கும் தவறுக்கு அது பொருந்தும். குடல் காயத்தில் அதை நம்பி நிபுணர் இல்லாமல் போவது பெரிய ஆபத்து.

ஒப்புதல் தனி அடிப்படை. 2008-இல் சமீரா கோலி வழக்கில், பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புதல் தந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் மயக்கத்தில் இருக்கும்போதே நீக்கிவிட்டார்கள். வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் படிவத்தை எடுத்துப் பாருங்கள். தமிழில் இருக்கிறதா? குடல் காயம், வயிற்றைத் திறக்க நேரிடலாம் என்பது, மாற்றுச் சிகிச்சை இவையெல்லாம் எழுதியிருக்கின்றனவா? கோடிட்ட இடங்கள் காலியா? நினைவோடு இருந்த நோயாளியை விட்டுவிட்டுக் கணவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்களா? படிவத்தில் ஆபத்து எழுதியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். குடல் காயப்படலாம் என்று கையெழுத்திட்டவர், காயப்பட்ட பிறகு 40 மணி நேரம் கவனிக்காமல் விடலாம் என்று கையெழுத்திடவில்லை.

எங்கே, எத்தனை நாளுக்குள், எவ்வளவு கட்டணம்

காசு கொடுத்துப் பெற்ற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிந்துபோனது. காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தவர்களும் இந்த அடிப்படையில் வாதாடலாம்.

இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டு சட்டம். அதில் எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. ரூ.50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். ஆக ரூ.2 லட்சம் பில்லுக்கு ரூ.60 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டணமும் அதே கணக்கில்: ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400, 50 லட்சம் வரை ரூ.1,000. மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

காலவரம்பு இரண்டு வருடம். குடல் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட இரண்டாவது ஆபரேஷன் தேதியிலிருந்து கணக்கிடுவது நியாயம்தான், ஆனாலும் முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணி, அதற்குள் போட்டுவிடுங்கள். மலப்பையை மூடி எல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வயிற்றில் விடப்பட்ட துணி ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்த ஒரு வழக்கில், வலி இருந்தும் அத்தனை வருடம் அந்த டாக்டரை அணுகவில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் காலவரம்பைக் காட்டியே புகாரைத் தள்ளியது. தாமதத்தை மன்னிக்கும்படி மனு போட வழி உண்டு, அதை நம்பி உட்கார வேண்டாம்.

வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இந்த வகை வழக்கில் வேண்டாம். பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

நிபுணரும் புகாரும்

உள்ளூர் டாக்டர் உள்ளூர் டாக்டருக்கு எதிராக எழுதித் தரமாட்டார். வேறு ஊரில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவக் கல்லூரி அறுவைப் பேராசிரியர்களிடம் முயலுங்கள். கண்ணீர்க் கதையை விட்டுவிட்டு, ஆவணக் கட்டையும் நேரக்கோட்டையும் கொடுங்கள். கேட்க வேண்டியவை இவை: இந்தச் சார்ட்டில் குடல் காயத்தைச் சந்தேகிக்க வேண்டிய முதல் நேரம் எது? அப்போது சாதாரண அறுவை நிபுணர் என்ன செய்திருப்பார்? அன்றே வயிற்றைத் திறந்திருந்தால் குடலை நேரடியாகத் தைத்திருக்க முடியுமா, மலப்பை தவிர்ந்திருக்குமா? தாமதத்தால் எந்தப் பாதிப்பு கூடியது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். சீக்கிரம் பார்த்திருந்தாலும் ஓட்டையை அடைக்க ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். எனவே அந்த ஆபரேஷனுக்கு மேலே என்ன இழந்தீர்கள் என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஐசியூ நாட்கள், வென்டிலேட்டர், வெட்டி எடுத்த குடல் நீளம், மலப்பை, அதை மூட மூன்றாவது ஆபரேஷன், தழும்பில் வந்த குடலிறக்கம். நிபுணர் கிடைக்காவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவின் கருத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு போடலாம். என்ன கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் "இது அறியப்பட்ட சிக்கல்" என்று நாலு வரியில் பதில் வந்துவிடும். இரண்டாவதாக ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாக அழைக்கலாம். அவர் முதல் டாக்டரைக் குறைசொல்ல வேண்டாம், வயிற்றைத் திறந்தபோது பார்த்ததைச் சொன்னால் போதும்.

வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அனுப்புவது நல்லது. அவர்கள் பதிலில் சொல்லும் கதையைப் பிறகு மாற்ற முடியாது. எதிர்த்தரப்பில் மருத்துவமனையையும் அறுவை செய்த டாக்டரையும் சேருங்கள். டியூட்டி டாக்டர், நர்ஸ் செய்த தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு. டாக்டரின் தொழில் காப்பீட்டு நிறுவனம் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம்.

தொகையை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். ஆன செலவு பில்லோடு, வருங்காலச் செலவு டாக்டர் மதிப்பீட்டோடு, இழந்த சம்பளம் முதலாளி சான்றோடு அல்லது வருமான வரிக் கணக்கோடு. கூடவே இருந்து கவனித்தவரின் வேலை நாட்கள், பயணம், மலப்பை வாங்கிய ஒவ்வொரு ரசீது. அதன் பிறகு வலி, வேதனை, வாழ்வின் இழப்புக்குத் தனித்தொகை. காப்பீட்டில் திரும்ப வாங்கியதை மறைக்காதீர்கள், அது வெளியே வந்தால் மற்ற எல்லாக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதிலுரை போட வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்குமேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. 46-ஆம் நாள் வரும் பதிலுரையை ஏற்கக் கூடாது என்று அன்றே ஆட்சேபம் தெரிவியுங்கள். "சமரசத்துக்கு அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால், கொடுங்காயமோ மரணமோ விளைவித்த மருத்துவக் கவனக்குறைவு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020 சமரச விதிகளிலேயே இருக்கிறது.

அவர்கள் எடுக்கும் மற்ற வாதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "குடல் ஒட்டியிருந்தது" என்றால், ஒட்டியிருப்பது தெரிந்த பிறகு இரட்டிப்புக் கவனம் தேவைதானே, மூடும் முன் குடலை முழுக்கப் பரிசோதித்ததாக ஆபரேஷன் குறிப்பில் ஏன் இல்லை என்று கேளுங்கள். "வீட்டுக்குப் போய் கண்டதைச் சாப்பிட்டார்" என்றால், சாப்பாடு குடலில் ஓட்டை போடாது, திசு அறிக்கையைக் காட்டுங்கள். "இரண்டாவது மருத்துவமனைதான் செய்தது" என்றால், அங்கே சேர்ந்த நேரத்து ரத்த அழுத்தத்தையும், கத்தி வைக்கும் முன் எடுத்த சிடி ஸ்கேனையும் முன்வையுங்கள்.

அரசு மருத்துவமனை, போலீஸ், கவுன்சில்

எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது உரிமையியல் வழக்கு. உரிமையியல் வழக்குக்கு முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணியை விட்டு, தாய் இறந்த அச்சுத்ராவ் வழக்கில் அரசே பொறுப்பு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் காயம் என்றால் அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்திலும் தாமதிக்காமல் மனு கொடுங்கள்.

போலீஸ் புகாரால் இழப்பீடு வராது. மரணத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 உண்டு, டாக்டருக்கு அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை. ஆனால் மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும், பாரபட்சமற்ற இன்னொரு டாக்டரின் கருத்தும் முன்கூட்டியே வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின் நிபந்தனை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் டாக்டர்மீது நடவடிக்கை எடுக்கலாம், பணம் வாங்கித் தர அதற்கு அதிகாரமில்லை. ஆனாலும் அங்கே டாக்டர் கையெழுத்திட்டுத் தரும் விளக்கம் ஆணையத்தில் நல்ல ஆவணமாகும். அதற்காகவே புகார் கொடுக்கலாம்.

உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அவர்கள் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். நீங்கள் தோற்றாலும் அதே 45 நாள்தான். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 71-இன்கீழ் நிறைவேற்று மனுவும், பிரிவு 72-இன்கீழ் தண்டனை மனுவும் போடுங்கள். இரண்டாவதில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. அந்த மனு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் பல இடங்களில் காசோலை வருகிறது.